எண்ணுவதும் எண்ணப்படுவதும்: ஆஸ்பத்திரிச் சாவுக் கணக்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'நல்ல ஆஸ்பத்திரி எது?' என்ற கேள்விக்கு நம்ம ஊர்களில் புழங்கும் பதில் ஒரே ஒரு சொல்தான்: கைராசி. 'அந்த டாக்டருக்குக் கைராசி இருக்கு', 'அங்க போனவங்க பொழச்சு வந்திருக்காங்க.' இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் கைராசி என்பது ஒரு புள்ளிவிவரம் என்று தெரியும். தெருவில் பத்துப் பேர் போனார்கள், எட்டுப் பேர் நடந்து வந்தார்கள் என்பதை ஊர் மனசில் எழுதி வைத்திருக்கிறது. எழுதப்படாத பேரேடு அது. அதன் குறை, சிகிச்சையின் பலனை ஒரு தனிமனிதரின் கைக்கு உரியதாக்கிவிடுவது. கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வந்ததா, ராத்திரி வார்டில் எத்தனை நர்ஸ் இருந்தார்கள், ரத்தம் கிடைத்ததா என்பதெல்லாம் ராசிக்குள் மறைந்துபோகின்றன.

தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு ஆஸ்பத்திரிக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கணக்கிடுவதும் எண்ணுதல், சிந்திப்பதும் எண்ணுதல். கடந்த சில பத்தாண்டுகளாக நம் சிறுபத்திரிகைச் சூழலில் முதல் பொருளைப் பற்றிச் சந்தேகம் மட்டுமே வளர்ந்திருக்கிறது. எண் என்றாலே அரசு, மக்கள்தொகைக் கணக்கு, கண்காணிப்பு, அதிகாரம் என்று ஒரு சூத்திரம் வந்துவிட்டது. மிஷேல் ஃபூக்கோவைப் படித்ததன் விளைவு இது. பாதிப் படிப்பின் விளைவு என்றுகூடச் சொல்வேன். ஆஸ்பத்திரியின் தரத்தை அளப்பது எப்படித் தொடங்கியது, யாருக்கு எதிராகத் தொடங்கியது, பிறகு யார் கைக்குப் போனது என்று பார்த்தால் இந்தச் சூத்திரம் அவ்வளவு எளிதாக நிற்காது. அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

2

வியன்னாவின் பெரிய பொது ஆஸ்பத்திரி 1784இல் திறக்கப்பட்டது. அதன் பிரசவப் பகுதி 1840வாக்கில் இரண்டாகப் பிரிந்தது. முதல் பிரிவு மருத்துவ மாணவர்கள் பயில, இரண்டாம் பிரிவு மருத்துவச்சிகள் பயில. எந்தப் பிரிவில் சேருவது என்பதைக் கர்ப்பிணி தீர்மானிக்க முடியாது, கிழமை தீர்மானிக்கும். இன்றைக்கு முதல் பிரிவு என்றால் நாளைக்கு இரண்டாம் பிரிவு.

அங்கே வந்தவர்கள் ஏழைப் பெண்கள், வேலைக்காரிகள், கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானவர்கள். இலவசப் பிரசவம், பிறந்த குழந்தையை அநாதை இல்லம் ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதி, இவற்றுக்கு ஈடாக அவர்கள் கொடுத்தது தங்கள் உடலை. மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் படிக்க, செத்தால் அறுத்துப் பார்த்துப் படிக்க. பணக்காரர்களுக்குப் பயன்படப்போகும் மருத்துவ அறிவை ஏழைகளின் உடல் உற்பத்தி செய்து தருகிறது என்று 'மருத்துவமனையின் பிறப்பு' என்ற தன் 1963ஆம் வருடத்து நூலில் ஃபூக்கோ சொன்ன ஒப்பந்தத்துக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடையாது.

1846இல் முதல் பிரிவில் பிரசவித்தவர்களில் 11.4 சதவீதம் பேர் செத்தார்கள். இரண்டாம் பிரிவில் 2.8 சதவீதம். இக்னாஸ் செம்மல்வைஸ் அந்த வருடம்தான் அங்கே உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அவர் இந்த எண்களைத் தொகுத்துப் புகழ்பெற்றார் என்பது பாடப்புத்தகக் கதை. பாடப்புத்தகம் ஓரத்தில் தள்ளிவிடும் செய்தி ஒன்று உண்டு. இந்த வித்தியாசம் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். முதல் பிரிவுக்கு உரிய நாளில் வந்து சேர்ந்துவிட்டதாகத் தெரிந்ததும் மண்டியிட்டுக் கெஞ்சி, வெளியே விடச்சொல்லி அழுதார்கள் என்று செம்மல்வைஸே எழுதுகிறார். வேறு சிலர் வழியிலேயே, தெருவிலேயே பிரசவித்துவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தார்கள். தெருவில் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. சாலையின் புழுதி பேராசிரியரின் கையைவிடச் சுத்தமாக இருந்தது.

அளவை என்பதன் முதல் பாடம் இங்கே இருக்கிறது. ஆஸ்பத்திரியை முதலில் அளந்தது நிபுணர் இல்லை, அதில் சாகப்போகிறவள். அவளிடம் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

நிபுணர்கள் என்ன செய்தார்கள்? காற்றில் நச்சு என்றார்கள். ஆண்கள் தொடுவதால் பெண்களின் நாணம் புண்படுகிறது, அதனால் காய்ச்சல் என்றார்கள். ஒரு கமிட்டி, வெளிநாட்டு மாணவர்கள் முரட்டுத்தனமாகச் சோதிக்கிறார்கள் என்றது. ஒவ்வொரு விளக்கமும் பழியைக் காற்றின்மேலோ பெண்ணின்மேலோ அந்நியர்மேலோ போட்டது. 1847 மார்ச்சில் செம்மல்வைஸின் நண்பர் கொல்லெட்ச்கா, பிணம் அறுக்கையில் மாணவர் ஒருவரின் கத்தி பட்டு, பிரசவக் காய்ச்சல் கண்டவர்களைப் போலவே செத்தார். பிணவறையிலிருந்து பிரசவ அறைக்குப் போகும் கைகள்தான் காரணம் என்று அப்போது விளங்கியது. மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவுவது கட்டாயமாயிற்று. ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

கண்டுபிடித்தவர் கொண்டாடப்படவில்லை. எண் அங்கே குற்றச்சாட்டாக இருந்தது. 'உங்கள் கைதான் கொன்றது' என்பதை எந்தத் தொழில் ஒப்புக்கொள்ளும்? 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் 47 வயதில் செம்மல்வைஸ் இறந்தார்.

இன்னொரு விவரத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார். முதல் பிரிவில் நோய் முற்றியவர்களைப் பொது வார்டுகளுக்கு மாற்றிவிடுவார்கள். அவர்கள் அங்கே செத்தால் பிரசவப் பிரிவின் கணக்கில் அது வராது. அப்படி மாற்றியும் 11 சதவீதம் என்றால் உண்மைச் சாவு எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம். சாவை இடம் மாற்றிக் கணக்கைச் சுத்தமாக்கும் இந்தத் தந்திரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது நம் தெருவுக்கே வரும்.

3

விளக்கேந்திய சீமாட்டி என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் அறிமுகமான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் உண்மையில் கணக்கேந்திய சீமாட்டி. ஆஸ்பத்திரிகள் பற்றிய தன் நூலின் 1863ஆம் வருடப் பதிப்பில் அவர் ஒரு அட்டவணையைச் சேர்த்தார். தயாரித்துக் கொடுத்தவர் பதிவாளர் அலுவலகத்தின் வில்லியம் ஃபார். லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் 1861 ஏப்ரல் 8 அன்று படுத்திருந்தவர்கள் 4214 பேர். அந்த வருடம் அவற்றில் செத்தவர்கள் 3828. எனவே சாவு விகிதம் 90.84 சதவீதம். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் 39.41.

மருத்துவர்கள் கொதித்துப் போனார்கள். கொதித்ததில் நியாயமும் இருந்தது. வருடம் பூராவும் வந்துபோன நோயாளிகள் எத்தனை ஆயிரம்! அவர்களைப் பகுதியாக வைக்காமல் ஒருநாள் படுத்திருந்தவர்களைப் பகுதியாக வைத்தால் எண் பூதாகரமாகத்தான் வரும். ஒரு படுக்கையில் வருடத்தில் பத்துப் பேர் படுத்து எழுந்தால், அந்தப் படுக்கைக்கு ஒரு சாவு என்பது நூறு சதவீதம் ஆகிவிடும். போதாததற்கு, லண்டன் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் கடுமையான நோயாளிகள்.

பள்ளிக்கூடப் பின்னக் கணக்கில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. செத்தவர்கள் மேலே வருகிறார்கள். கீழே யாரை வைப்பது? இதுதான் அன்றிலிருந்து இன்றுவரை ஆஸ்பத்திரித் தர அளவையின் மையப் பிரச்சினை. கீழே வைக்கும் எண் யாருடைய தேர்வு என்பது அரசியல்.

ஆனால் ஃபார் கணக்கின் பிழையைப் பிடித்துக்கொண்டு நைட்டிங்கேலைத் தள்ளிவிட முடியாது. ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே படிவத்தில், ஒரே நோய்ப் பெயர்களில் கணக்கு வைக்க வேண்டும் என்று 1860இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டின் முன் அவர் வைத்த திட்டம்தான் ஒப்பிடுவதையே சாத்தியமாக்கியது. ஒப்பிட முடிந்தால்தானே கேள்வி கேட்க முடியும்?

காலனியப் பின்னணியையும் விட்டுவிடக் கூடாது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவம் பற்றிய 1863ஆம் வருட ராயல் கமிஷன் அறிக்கைக்குப் பின்னால் நின்றவரும் அவரே. சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்ற எண்ணை வைத்துக்கொண்டு அவர் போராடினார். வெள்ளைச் சிப்பாயின் சாவுக்குத்தான் அப்படி ஒரு எண் இருந்தது. கண்டோன்மெண்டுக்கு வெளியே, சேரியில் செத்தவர்களுக்கு அந்த நுணுக்கத்தில் யாரும் கணக்கு எழுதவில்லை. பிறகு நைட்டிங்கேலே கிராமச் சுகாதாரம் பற்றியும் பஞ்சங்கள் பற்றியும் எழுதினார் என்பது உண்மை. ஆயினும் எண்ணப்படுவதற்கே ஒரு தகுதி தேவைப்பட்டது என்பதை மறந்துவிட முடியாது. எண்ணப்படுவது மட்டும்தான் அடக்குமுறை என்று நினைக்கிற நண்பர்களுக்கு இதைச் சொல்கிறேன். எண்ணப்படாமல் போவதும் அடக்குமுறைதான்.

4

அடுத்த ஆள் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில். பெயர் எர்னெஸ்ட் அமோரி காட்மன். பிறந்தது 1869. மசாச்சூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர். அவருடைய யோசனையைக் கேட்டால் 'இதிலென்ன பெரிசு' என்று தோன்றும். ஆபரேஷன் செய்த ஒவ்வொருவரையும் ஒரு வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார். குணமானாரா? இல்லையென்றால் ஏன்? அதை அட்டையில் எழுதி வை. வெளியிடு. இதற்கு அவர் வைத்த பெயர் இறுதி விளைவுக் கொள்கை.

ஆஸ்பத்திரி நிர்வாகம் கேட்கவில்லை. அங்கே பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி. யார் ஆபரேஷன் செய்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால் சீனியாரிட்டி என்ன ஆவது? காட்மன் 1911இல் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கினார். 1914இல் பழைய ஆஸ்பத்திரிப் பதவியை ராஜினாமா செய்தார். 1911க்கும் 1916க்கும் இடையில் தன் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறிய 337 பேரைப் பற்றி எழுதி அச்சிட்டார். அதில் 123 தவறுகளை ஒப்புக்கொண்டார். இது தெரியாமல் நடந்தது, இது நிதானக் குறைவால் நடந்தது, இது கருவி இல்லாததால் நடந்தது என்று பிரித்து எழுதினார். புத்தகத்தை மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி, உங்கள் கணக்கு எங்கே என்று கேட்டார்.

1915 ஜனவரியில் நகரத்து மருத்துவச் சங்கக் கூட்டமொன்றில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். பாஸ்டனின் பணக்காரப் பேட்டை மண்ணில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழியாக நிற்கிறது. அது பொன்முட்டைகளைப் பின்னால் உதைத்துத் தள்ள, மருத்துவர்கள் பொறுக்குகிறார்கள். கோழி தலையை எடுத்துப் பார்த்தால் முட்டை போடுமா என்பதுதான் படத்தின் கேள்வி. காட்மனின் சங்கப் பதவி போயிற்று, ஹார்வர்டில் பார்த்துவந்த ஆசிரியர் வேலையும் போயிற்று. 1940இல் இறந்தார். கல்லறைக்குக் கல்கூட இல்லை. கல் நட்டது 2014இல்.

காட்மனின் தோழர்கள் சேர்ந்து உருவாக்கிய அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அவருடைய கேள்வியைப் பாதியாக நறுக்கி எடுத்துக்கொண்டது. நோயாளி பிழைத்தாரா என்று கேட்பதற்குப் பதிலாக, ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கூடம் இருக்கிறதா, எக்ஸ்ரே இருக்கிறதா, கேஸ் ஷீட் எழுதுகிறார்களா என்று கேட்டது. இதுகூடத் தாங்கவில்லை. 100 படுக்கைக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரிகளைப் பார்த்ததில் தேறியவை 89 மட்டுமே. தேறாதவற்றில் நாட்டின் பேர்பெற்ற ஆஸ்பத்திரிகள் சில இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கல்லூரி கூடியபோது அந்தப் பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று ஓட்டலின் உலையில் போட்டு எரிக்கப்பட்டது.

இன்று ஆஸ்பத்திரி வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தரச் சான்றிதழின் வம்சாவளி இந்த உலையிலிருந்து புறப்படுகிறது. இந்தக் கல்லூரியின் திட்டம்தான் 1951இல் அமெரிக்காவின் கூட்டு ஆணையமாக மாறியது. அந்த மாதிரியில் உலகம் பூராவும் வாரியங்கள் வந்தன; இந்தியாவிலும் 2000களின் நடுவில் தேசிய அங்கீகார வாரியம் வந்தது. சான்றிதழ் பொய் என்று நான் சொல்லவில்லை. தீயணைப்புக் கருவி, கழிவு பிரிப்பு, மருந்துப் பதிவு எல்லாம் முக்கியம்தான். ஆனால் சான்றிதழ் சொல்வது 'இங்கே பிழைக்க ஏற்பாடு இருக்கிறது' என்பது மட்டும். பிழைத்தவர்கள் எத்தனை என்று அது சொல்லாது. அந்தப் பட்டியல் எரிந்துபோன பட்டியல்.

5

இவற்றையெல்லாம் ஒரு கோட்பாடாகத் தொகுத்தவர் அவெடிஸ் டொனபீடியன். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1966இல் எழுதிய கட்டுரையில் தரத்தை மூன்று இடத்தில் அளக்கலாம் என்றார்: அமைப்பு, செய்முறை, விளைவு. கட்டடமும் ஆளும் கருவியும் அமைப்பு. செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பது செய்முறை. நோயாளி என்ன ஆனார் என்பது விளைவு. மூன்றில் எது ஒன்றும் தனியாகப் போதாது. விளைவை மட்டும் பார்த்தால் கடினமான நோயாளியை ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரி கெட்டதாகத் தெரியும். அமைப்பை மட்டும் பார்த்தால் பளிங்குத் தரை நல்லதாகத் தெரியும்.

குறளின் மருந்து அதிகாரம் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் கருதிச் செய்யச் சொல்கிறது. இதை வைத்து 'எல்லாம் அன்றைக்கே நம்மிடம் இருந்தது' என்று மார்தட்டுகிற வேலை நமக்கு வேண்டாம். குறள் பேசுவது மருத்துவரிடம். ஆஸ்பத்திரி என்ற நிறுவனத்தை அது அறியாது. ஆனால் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் கழித்துவிட்டுத்தான் மருத்துவரின் அளவைப் பார்க்க முடியும் என்ற எளிய உண்மைக்குப் புள்ளியியல் பின்னாளில் பெரிய இயந்திரம் ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது.

அந்த இயந்திரம் இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 1986 காட்டியது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவ நிதி அலுவலகம் ஆஸ்பத்திரிவாரியாகச் சாவு விகிதத்தை வெளியிட்டது. மிக மோசமானதாக வந்த இடம், சாகும் நிலையில் இருப்பவர்களைக் கடைசிவரை பராமரிப்பதற்கென்றே நடத்தப்பட்ட ஒரு விடுதி! 1993இல் அந்த வெளியீட்டையே நிறுத்திவிட்டார்கள்.

நியூயார்க் மாநிலம் இன்னும் கவனமாகச் செய்தது. பைபாஸ் ஆபரேஷனில் நோயாளியின் வயது, இதயத்தின் நிலை, மற்ற வியாதிகள் எல்லாவற்றையும் கழித்துக் கணக்கிட்ட சாவு விகிதத்தை 1990 டிசம்பரில் ஆஸ்பத்திரிவாரியாக வெளியிட்டது. 1991இல் ஒரு செய்தித்தாள் நீதிமன்றம் போய் மருத்துவர்வாரியான எண்களையும் வாங்கிவிட்டது. 1989க்கும் 1992க்கும் இடையில் அந்தச் சாவு விகிதம் 41 சதவீதம் குறைந்தது. எண் வேலை செய்தது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. இதே மாதிரி கணக்கு வெளியிட்ட பென்சில்வேனியாவில் 1996இல் வந்த ஆய்வில், மிகக் கடுமையான நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்ய இப்போது முன்போல் மனம் வருவதில்லை என்று 63 சதவீத அறுவை மருத்துவர்கள் சொன்னார்கள். சாகக்கூடியவரைத் தொடாதே, கணக்கு கெடும். வியன்னாவில் நோயாளியைப் பக்கத்து வார்டுக்கு மாற்றினார்கள். இங்கே வாசலிலேயே மாற்றிவிடுகிறார்கள்.

சரி, யாருக்காக இந்தக் கணக்கு? 'நோயாளி படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்' என்பது வாதம். 1998இல் வந்த ஆய்வின்படி பென்சில்வேனியாவில் பைபாஸ் செய்துகொண்டவர்களில் அப்படி ஒரு வெளியீடு இருப்பதே 12 சதவீதம் பேருக்குத்தான் ஆபரேஷனுக்கு முன் தெரிந்திருந்தது. 2004இல் முன்னாள் ஜனாதிபதி கிளிண்டன் பைபாஸ் செய்துகொண்ட நியூயார்க் ஆஸ்பத்திரியின் சாவு விகிதம், அப்போது வெளியாகியிருந்த கணக்கில், மாநிலச் சராசரியைவிடக் கூடுதல். உலகத்தின் எந்தத் தகவலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் அவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற யாரும் அட்டவணை படிப்பதில்லை. மருத்துவர் கை காட்டிய இடத்துக்குப் போகிறார்கள்.

ஆக, எண் உதவியது நோயாளியின் தேர்வு வழியாக அல்ல. வெட்கத்தின் வழியாக, பயத்தின் வழியாக, பக்கத்து ஆஸ்பத்திரி எப்படிச் செய்கிறது என்று போய்ப் பார்க்க வைத்ததன் வழியாக. சந்தையின் சொல்லாடல் இதைத் தலைகீழாக்கிச் சொல்கிறது. 'நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்பது விடுதலை மாதிரி ஒலிக்கும். அதன் அடியில் இருப்பது 'தப்பான இடத்துக்குப் போனால் அது உன் பொறுப்பு' என்பது.

6

இங்கிலாந்தில் நோயாளி காசு கொடுப்பதில்லை. அதனால் அங்கே எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். பிரிஸ்டல் ராயல் மருத்துவமனையில் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் நடந்துவந்தது. 1988இல் அங்கே சேர்ந்த மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின், செத்துப்போகும் குழந்தைகள் அதிகம் என்று பார்த்துத் தானாகவே கணக்கு எழுத ஆரம்பித்தார். மேலே சொன்னார். கேட்கவில்லை. 1992லேயே ஒரு நையாண்டிப் பத்திரிகை இதை எழுதியது. ஆபரேஷன்கள் நிற்க 1995 ஆயிற்று. 2001இல் வந்த விசாரணை அறிக்கை, 1991க்கும் 1995க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர், மற்ற இடங்களில் செத்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலாகச் செத்தார்கள் என்று சொன்னது. போல்சின் 1996லேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

எண்கள் இல்லாமல் இல்லை. பல பதிவேடுகளில் இருந்தன. பார்க்க வேண்டியது யார் வேலை என்பதுதான் யாருக்கும் தெளிவாக இல்லை. 'நல்ல கையில் கொடுத்திருக்கிறோம்' என்று நம்பிய பெற்றோருக்கு மட்டும் அந்த எண் போய்ச் சேரவில்லை. கணக்கு எடுப்பது வேறு, கணக்குக் கேட்கும் உரிமை வேறு.

7

நம் பக்கம் வருவோம்.

1995 நவம்பரில் சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. நல்ல தீர்ப்புதான். அதிலேயே ஒரு கோடும் கிழிக்கப்பட்டது. எல்லாருக்கும் எல்லாமும் இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்கு வெளியே. சிலரிடமாவது காசு வாங்குகிற இடமென்றால் அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோர்தான். ஜி.ஹெச்.சில் முழுக்க இலவசமாகப் படுத்திருப்பவர் நுகர்வோர் இல்லை. அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், போகிற தெம்பு இருந்தால். காசு கொடுத்தவனுக்குத்தான் தரம் கேட்கும் உரிமை என்ற எண்ணம் சட்டத்தின் மொழிக்குள்ளேயே குடியேறிவிட்டது.

அதற்கு அடுத்த வருடம், 1996இல், மேற்கு வங்கத்து விவசாயத் தொழிலாளர் சங்கம் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரைக் கல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்று இடமில்லை என்று அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சொந்தக் காசில் சிகிச்சை. அவசரச் சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையை மீறுவது என்றது கோர்ட். 25,000 ரூபாய் நஷ்டஈடு. இங்கே தொழிலாளி ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆஸ்பத்திரிகள்தான் அவரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டன. திருப்பி அனுப்பப்பட்டவர்களை எந்தத் தர அளவையும் தொகுதியிலும் வைப்பதில்லை, பகுதியிலும் வைப்பதில்லை.

தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டது 1997இல். அதற்கான விதிகள் வந்தது 2018இல். இடையில் 21 வருடம்.

தமிழ்நாட்டின் பெருமையையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் நேரும் ஒவ்வொரு தாய்ச் சாவையும் பதிவுசெய்து விசாரிப்பது இங்கே 1990களின் நடுவில் தொடங்கி, 2004இல் அரசாணைகள் மூலம் கட்டாயமாயிற்று. தாமதம் எங்கே? வீட்டில் முடிவெடுப்பதிலா, வண்டி கிடைப்பதிலா, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகா? இப்படிக் கேட்கும்போது ஒரு சாவு வெறும் எண்ணாக இருப்பதில்லை, கதையாகிறது. 2010இல் வந்த தேசிய நெறிமுறைகள், கலெக்டர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவரின் உறவினர்களும் வந்து பேச இடம் வைத்தன. இது சாதாரண விஷயம் இல்லை. வியன்னாவில் மண்டியிட்டவளின் சாட்சியத்துக்கு ஒரு நாற்காலி போட்ட மாதிரி. 2018–20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கில் லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்ச் சாவு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54.

ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை, ஏன் என்று அந்தந்த ஊர்ப் பெண்கள் படிக்கிற மாதிரி பட்டியல் வெளியாவதில்லை. விசாரணை அதிகாரப் படிக்கட்டில் மேலே ஏறுகிறது. பழி கீழே இறங்கிக் கிராமச் செவிலியர் தலையில் உட்காரும் ஆபத்தும் இருக்கிறது. தாய் பிழைத்தாள் என்பதோடு கணக்கை முடிக்கவும் முடியாது. 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் தனியார் இடங்களில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு இடங்களில் 36. தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவள் எதைத் தேர்ந்தெடுத்தாள், எது அவளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது?

வியன்னாவின் தந்திரம் நம் தெருவுக்கு வரும் என்று சொல்லியிருந்தேன். 'இனிமே ஒண்ணும் இல்ல, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க' என்ற வாக்கியம் நமக்கெல்லாம் பரிச்சயம். சொந்த வீட்டுத் திண்ணையில் உயிர் பிரிய வேண்டும் என்ற நம் ஆசையும் அதில் இருக்கிறது, காசு தீர்ந்துபோனதும் இருக்கிறது. 'பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க' என்பது இன்னொரு வாக்கியம். வழியில் ஆம்புலன்ஸிலோ பெரியாஸ்பத்திரி வராந்தாவிலோ உயிர் போகிறது. சாவு எங்கே எழுதப்படுகிறது? வீட்டின் கணக்கில், அல்லது ஜி.ஹெச்.சின் கணக்கில். அனுப்பிவைத்த இடம் சுத்தமாக இருக்கிறது. அப்புறம் 'கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா பொணமாத்தான் வருவாங்க' என்ற பேச்சு. எவருடைய சாவையும் திருப்பி அனுப்ப முடியாத இடத்தில் சாவு அதிகமாகத்தான் இருக்கும். ஃபாரின் அட்டவணையில் லண்டன் ஆஸ்பத்திரிகளுக்கு நேர்ந்த கதிதான் இது.

8

இதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது?

ஆஸ்பத்திரியைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். 'வெற்றி 98 சதவீதம்' என்றால் எத்தனை பேரில்? யாரை ஏற்றுக்கொண்டு, யாரைத் திருப்பி அனுப்பிய பிறகு? வாசலைத் தாண்டும்வரை பார்த்த கணக்கா, முப்பது நாள் கழித்தும் விசாரித்த கணக்கா? இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை தடவை செய்கிறீர்கள்? ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்தவர்கள் எத்தனை பேர், மறுபடி வந்து படுத்தவர்கள் எத்தனை பேர்? கணக்கை எழுதியது நீங்களா, வெளியாரா? இவை தனியாக ஒரு நோயாளி வரவேற்பு மேஜையில் கேட்கக்கூடிய கேள்விகள் இல்லை. வலியோடு நிற்பவர் கேட்க முடியாது; கேட்டாலும் பதில் வராது. சங்கங்கள் கேட்க வேண்டும், பெண்கள் அமைப்புகள் கேட்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்க வேண்டும், பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்க வேண்டும். எழுதுகிறவர்கள் எழுத வேண்டும்.

கோட்பாட்டுத் தளத்தில் சொல்வதென்றால், எண் அதிகாரத்தின் மொழி என்பது பாதி உண்மை. வியன்னாவிலும் பாஸ்டனிலும் பிரிஸ்டலிலும் அதிகாரம் பயந்தது எண்ணுக்குத்தான். எண் குற்றச்சாட்டாகப் பிறந்தது, சான்றிதழாக வளர்ந்தது, விளம்பரமாக விற்கப்படுகிறது. இந்தப் பயணத்தைத் திருப்பி ஓட்ட முடியுமா என்பதே கேள்வி. எண்ணையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு 'அனுபவம்', 'உடல்', 'விளிம்பின் குரல்' என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் கணக்குப் புத்தகத்தை நெருப்புக்கோழியின் முட்டை பொறுக்குகிறவர்களிடமே விட்டவர்கள் ஆவோம். ஜி.ஹெச். வார்டில் காத்துக் கிடப்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து, எத்தனை மணி நேரம் என்று எழுதும் பத்தி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? இல்லையென்றால் அந்தப் பத்தியைக் கோருவதும் விளிம்பின் அரசியல்தான்.

டொனபீடியன் கடைசிக் காலத்தில், புற்றுநோயோடு இருந்தபோது கொடுத்த ஒரு நேர்காணலில், தரத்தின் ரகசியம் கடைசியில் அன்புதான் என்ற பொருளில் பேசினார். வாழ்நாள் பூராவும் அளவைகளைப் பற்றியே எழுதியவர் அப்படிச் சொன்னதைப் பலர் கனிவோடு எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அவர் அன்பைச் சொல்லி அளவையை விட்டுவிடவில்லை என்பது. அன்பிருந்தால்தான் அமைப்பைத் திரும்பிப் பார்த்துத் திருத்த முடியும் என்றார். காட்மன் ஒரு வருடம் கழித்து நோயாளியைத் தேடிப் போனதும் அதனால்தான். செத்தவளுக்குக் கணக்குக் கேட்பதும் அன்பின் ஒரு வகை. அந்தக் கணக்கை ஆஸ்பத்திரி வாசலில், எல்லாரும் படிக்கிற எழுத்தில், தமிழில் எழுதி ஒட்டச் சொல்லி எந்த ஊரில் முதல் மனு எழுதப்போகிறோம்?